ஏழுமலை மாமா அடைத்த ஓட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடந்த கூத்தில் பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதியும் என்னுடையதுதான் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிப் பல வருஷம் ஆகிறது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. நீதிபதி என் அம்மா.

நான் கிளாரினெட் வாசிக்கிறவள். திருவொற்றியூரில், கடலுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அப்பா போட்டுக்குப் போகிறவர். அம்மாவுக்குக் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் கடை. இந்தக் குடும்பத்துக்குள் கிளாரினெட் எப்படி நுழைந்தது என்று கேட்காத ஆள் கிடையாது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த பேண்டு செட்டில் ஒருவர் ஊதியதைப் பார்த்துவிட்டு, எட்டு வயதில் நான் மூன்று நாள் பட்டினி கிடந்து அடம் பிடித்தேன். அவ்வளவுதான். (மூன்று நாள் என்பது என் கணக்கு. அம்மாவைக் கேட்டால், "இன்னா மூணு நாளு? மத்யானம் சோறு வேணாம்னா. சாய்ந்தரம் நாலு பஜ்ஜி துன்னுட்டு தூங்கிட்டா" என்பாள்.)

அப்படி ஊதி ஊதிப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்ததும் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. வாயிலிருந்து 'இன்னா' போயிற்று, 'கீது' போயிற்று. செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி பேச ஆரம்பித்தேன். வீடு எங்கே என்று கேட்டவர்களிடம், "கடலைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். பொய்யில்லையே! கூடப் படித்தவர்கள் அதைத் தென்சென்னைப் பக்கம் பால்கனி வைத்த வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. மூன்று வருஷம் திருத்தவில்லை.

இறுதியாண்டு வந்தது. அரங்கத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் மேடையில் உட்கார்ந்து தனியாகக் கச்சேரி செய்ய வேண்டும். எதிரே மூன்று தேர்வாளர்கள். தேறினால் பட்டம், தேறாவிட்டால் அடுத்த வருஷம்தான். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை கிட்டத்தட்டக் கையில் இருந்தது. ஜூன் மாதம் பட்டத்தோடு வா என்று சொல்லியிருந்தார்கள். பட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை. வேலை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை, நான் படிப்பில் சேர்ந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்.

"மூணு வருசம் உன் இஷ்டத்துக்கு ஊதிக்கோ. பாஸாயிட்டா சரி. ஆவலைன்னா அப்பால கத்திய எடுத்துகினு கடையில வந்து குந்து. எனக்கும் மீன் வெட்ட ஆளு வேணும்."

நியாயமான ஒப்பந்தம்தான். ஆனால் எனக்கு மீன் வெட்ட வராது. ஒரு சின்ன அயிலை மீனை அரிவதற்கே அழுகிறவள் நான்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் துறைத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. (நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.) "இசை நாலு சுவருக்குள் இருந்தால் போதாது. இந்த முறை ஒவ்வொருவரும் அவரவர் ஊரில், அவரவர் மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும். குறைந்தது ஐம்பது பேர் கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு கச்சேரி நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் தேர்வு அங்கேயே முடிந்தது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. கடலைப் பார்த்த என் வீட்டை இனிமேல் எல்லோரும் வந்து பார்க்கப் போகிறார்கள்.

வீட்டில் சொன்னதும் குப்பமே எழுந்து நின்றது. மீன்பிடித் தடைக்காலம் வேறு. இரண்டு மாதம் போட்டெல்லாம் கரையில் கிடக்க, ஆண்கள் எல்லோரும் வேலையில்லாமல் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேரா? அப்பா ஒரு பத்து நிமிஷம் தெருவில் நடந்து போய்விட்டு வந்து, "எரநூறு பேரு வராங்கோ" என்றார். சமுதாயக் கூடம் பேசியாயிற்று. திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற மைக் செட்டும் வந்தாயிற்று. கூடத்துக்குள் இரண்டு பெட்டி, வெளியே விளக்குக் கம்பத்தில் இரண்டு குழாய். குழாய் எதற்கு என்று கேட்டேன். "உள்ள எடம் கெடைக்காதவன் இன்னா பாவம் பண்ணான்?" என்றாள் அம்மா.

நான் பார்த்தேன். இதை இப்படியே விட்டால் மானம் போய்விடும். ஒரு பெரிய அட்டையில் விதிமுறைகள் எழுதிக் கூடத்து வாசலில் மாட்டினேன். விசில் அடிக்கக் கூடாது. நடுவில் கை தட்டக் கூடாது. மேடையில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வாசித்துக்கொண்டிருக்கும்போது பொன்னாடை போர்த்தக் கூடாது. வந்திருக்கும் பேராசிரியர்களிடம் மரியாதையான தமிழில் பேச வேண்டும். கடைசி வரியை வாசித்துவிட்டு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வயதில் எனக்கு அது உறைக்கவும் இல்லை.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி, பெயர் ஏழுமலை. பைபர் போட் ரிப்பேர் செய்கிறவர். கரையில் ஒரு கூரைக்கு அடியில் அவருடைய பட்டறை. பாறையில் மோதி, அலையில் அடிபட்டு, அடியில் ஓட்டை விழுந்து வரும் போட்டுகளைக் குப்புறப் போட்டு, பைபர் துணி ஒட்டி, ரெசின் என்கிற பசையை ஊற்றி, தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருவார். எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் அவருக்குப் பெயர். அவர் அடைத்த இடத்தில் மறுபடி தண்ணீர் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இருபத்தைந்து வருஷமாக அவர் பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ஓட்டையைக் கண்டால் அடைப்பது.

தேர்வுக்கு நாலு நாள் முன்னால் என் கிளாரினெட் மக்கர் செய்தது. அதன் உடம்பில் இருக்கிற துளைகளைச் சாவிகள் மூடும். சாவிக்கு அடியில் சின்னத் தோல் மெத்தை இருக்கும். அது தேய்ந்துபோனால் காற்று கசியும், சத்தம் சவசவ என்று வரும். வழக்கமாகச் சரி செய்து தருகிறவர் ஊருக்குப் போய்விட்டார், பத்து நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தேன். "எங்கேயோ காத்து லீக் ஆகுது, எங்கேன்னே தெரியலை, நான் செத்தேன்" என்று அழுதேன். அப்போது மாமா வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

'லீக்' என்ற வார்த்தையை மாமா காதுபட யாரும் சொல்லக் கூடாது. சொன்னேன். தப்பு நம்பர் ஒன்று.

தேர்வு நாள் காலை. சுருதிக்கு வைக்கிற தம்புரா பெட்டியை வாங்கிவர நான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிளாரினெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். தப்பு நம்பர் இரண்டு. திரும்பி வருகிற வழியில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரி வரிசை. துறைமுகத்துக்குப் போக நின்ற லாரிகளின் நடுவில் என் ஷேர் ஆட்டோ ஒன்றேகால் மணி நேரம் அசையவில்லை. நான் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. ஐந்துக்குக் கச்சேரி.

வாசலில் மாமா சிரித்த முகமாக நின்றார். கையில் என் கிளாரினெட், வெள்ளைத் துணியில் பிள்ளையைப் பொதிந்த மாதிரி.

"பாப்பா, முடிச்சிட்டேன். மூணு எடத்துல லீக்கு. மூணையும் அடச்சிட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"தண்ணி டிரம்முல முக்கி ஊதிப் பாத்தேன். பஞ்சர் பாக்குறா மாரி. புட்டு புட்டுனு கொப்புளம் வந்துது."

கிளாரினெட்டைத் தண்ணீரில் முக்கினாராம்! சண்டை போட வாயைத் திறந்தவள், எதற்கும் பார்ப்போம் என்று வாங்கி ஊதினேன். கீழ்ச் சுரங்கள் நாலைந்து வாசித்தேன். ஐயோ, என்ன நாதம்! கசிவே இல்லை. தேய்ந்துபோன தோல் மெத்தைகளைப் பிடுங்கிவிட்டு, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார் மனிதர். புதிதாக வாங்கினபோதுகூட அது இப்படிப் பேசியதில்லை. நான் மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். கச்சேரிக்கு முன்னால் உதட்டைக் களைக்க வைக்கக் கூடாது என்று பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். மேல் சுரங்களை வாசித்துப் பார்த்தேனா? இல்லை. புதிதாக ஒட்டியிருந்த ரப்பர் மெத்தை இரண்டுதானே, மூன்றாவது லீக் எங்கே என்று கேட்டேனா? கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் அம்மா எனக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினாள்.

ஐந்து மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். முதல் வரிசையில் மேடமும் மற்ற இரண்டு தேர்வாளர்களும். அவர்களுக்குப் பக்கத்திலேயே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமா. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், "நான்தான் ரிப்பேர் பண்ணேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மிருதங்கம் வாசிக்க வந்தவன் கூடப் படித்த பாலு. மேடையில் உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "பால்கனி எங்கே ஜமுனா?" என்று கேட்டான். நான் சுருதி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முதலில் ஒரு வர்ணம். சின்ன வர்ணம், பெரும்பாலும் கீழேயும் நடுவிலும் ஓடுவது. பிரமாதமாகப் போயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கூடத்தில் ஒரு சத்தமில்லை. இருநூறு பேர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகூட அழவில்லை. நடுவில் கை தட்டக் கூடாது என்று எழுதியிருந்தேன் அல்லவா? எது நடு, எது முடிவு என்று தெரியாத ஜனங்கள், எதற்கு வம்பு என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். மேடம் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் எரிச்சல்படுவது? அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

சரி, கல்யாணியில் பிடித்துவிடலாம் என்று ராகம் வாசிக்கத் தொடங்கினேன். இதற்குத்தான் ஆறு மாதம் உழைத்திருந்தேன். கீழேயிருந்து மெதுவாகக் கட்டிக்கொண்டு வந்து, படிப்படியாக ஏறி, மேல் ஷட்ஜத்தில் போய் நின்று ஒரு நீளமான கார்வை. அந்த ஒரு சுரத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிளாரினெட்டின் பின்பக்கம், இடது கட்டைவிரலுக்கு மேலே, கடுகு பெரிதா அது பெரிதா என்கிற அளவில் ஒரு துளை இருக்கிறது. அதன்மேல் ஒரு சாவி மூடியிருக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் துளை திறந்துகொள்ளும். திறந்தால்தான் மேல் சுரங்கள் பேசும். அந்தத் துளை இல்லாவிட்டால் கிளாரினெட்டுக்குப் பாதித் தொண்டை இல்லை.

பஞ்சமம் வந்தது. தைவதம் வந்தது. நிஷாதத்தில் நின்று கேட்பவர்களை ஏங்கவைத்தேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கட்டைவிரலால் சாவியை அமுக்கி, அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கொடுத்து, மேல் ஷட்ஜத்துக்குத் தாவினேன்.

"பூ...ம்."

துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் ஊதுமே, அது. மேலே போக வேண்டிய சுரம் பாதாளத்தில் போய் விழுந்தது. மேடம் கண்ணைத் திறந்தார். பாலு என்னைப் பார்த்தான். வாய் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி நிஷாதத்தில் நின்று மறுபடி தாவினேன். மறுபடி கப்பல். வெளியே குழாயிலும் அது கேட்டிருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு லாரிக்காரர் பதிலுக்கு ஹாரன் அடித்தார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. (விதிமுறையில் சிரிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருந்தாலும் பயம்.)

கீழ்ச் சுரங்களிலேயே சுற்றிச் சுற்றி ஏதோ உருட்டிக்கொண்டே, மெதுவாக வாத்தியத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாவியை அமுக்கினேன். சாவி தூக்கியது. அதற்கு அடியில் துளை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று கருப்பாக, தேய்த்து, மெருகு ஏற்றி, ஒரு போட்டின் அடிப்பாகம் மாதிரி அழகாக இருந்தது. மூன்றாவது லீக்!

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். கண்ணாலேயே எரித்துவிடுகிற பார்வை. மாமா இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி, 'சூப்பர்' என்று காட்டினார்.

நின்றால் பெயில். நிற்காமல் கீழேயே உருட்டிக்கொண்டிருந்தாலும் பெயில். கல்யாணி ராகத்தைப் பாதாளத்திலேயே வைத்து முடிக்கிறவளுக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? ஆறு மாத உழைப்பு, மூன்று வருஷப் படிப்பு, ஜூன் மாத வேலை எல்லாம் கடுகளவு ரெசினில் அடைபட்டுக் கிடந்தன. பாலுவைப் பார்த்து, "எதையாவது வாசி" என்று உதட்டை அசைத்தேன்.

பாலு ஒரு வினாடி விழித்தான். பிறகு தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கிவிட்டான். மிருதங்கக்காரர் தனியாக வாசித்துக் காட்டுவது பாட்டுக்குப் பிறகு வரும். ராகத்துக்கு நடுவில், தாளமே தொடங்காத இடத்தில், எந்தத் தாளத்துக்கு வாசிப்பது? அவனே ஒரு தாளத்தை முடிவு செய்துகொண்டு வெளுத்து வாங்கினான். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கச்சேரி நிற்கவில்லை. அதுதானே வேண்டும்!

நான் மாமாவைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். பொன்னாடை போர்த்தத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மேடையேறினார். அவர் பக்கத்தில் குனிந்ததும் எனக்குள் மூன்று வருஷமாகக் கட்டி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"யோவ் மாமா! இன்னாயா பண்ணி வெச்சிகிற? பின்னாடி ஓட்டைய எவன்யா உன்ன அடைக்க சொன்னது? மேல்ஸ்தாயி பூரா பூட்ச்சுயா! என் பொழப்பே பேஜாராயிட்ச்சுயா!"

வாத்தியத்தின் வாயருகே ஒரு சின்ன மைக் செருகியிருந்ததை நான் மறந்துவிட்டேன். மைக் செட்டுக்காரரின் கைங்கரியத்தில் ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கூடத்திலும், குழாய் வழியாகத் தெருவிலும், எண்ணூர் நெடுஞ்சாலையிலும் ஒலித்தது. செய்தி வாசிப்பவளின் தமிழ் அன்றோடு செத்தது. பாலு வாசித்துக்கொண்டே வாயைப் பிளந்தான்.

மாமாவும் மைக்கில்தான் பதில் சொன்னார். "அது ஓட்டையா? பாப்பா, சத்தியமா நான் டேமேஜுன்னு நென்ச்சேன்! இவ்ளோ பெரிய பெரிய ஓட்டையா வெச்சிட்டு, இத்துனூண்டு ஓட்டை இன்னாத்துக்குனு அடச்சிட்டேன்."

"தொற அத்த!"

"காலைலதான் ரெசின் போட்டேன். உள்ள இன்னும் எளசாத்தான் இருக்கும். கம்பி ஒண்ணு காய்ச்சிக் குத்துனா பொத்துக்கும். கம்பிக்கு நான் எங்க போறது?"

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டே மேடைக்கு ஓடிவந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதை அள்ளி முடியக்கூட இல்லை.

"இந்தாடா! சீக்கிரம் தொறடா! எம் பொண்ணு பெயிலாயிட்டா மீன் வெட்டணும்டா! அவ கையில கத்தி எடுக்கறத நான் பாக்க மாட்டேன்டா ஏழுமலை!"

இதுவும் மைக்கில் போயிற்று. நான் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். கடைக்கு ஆள் வேண்டும் என்று மூன்று வருஷம் மிரட்டியவள் இவள். நான் தேறாமல் போவதற்குத்தான் காத்திருக்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன்!

அழுவதற்கு நேரமில்லை. மாமா கொண்டை ஊசியை நிமிர்த்தி, துண்டால் பிடித்து, குத்துவிளக்குச் சுடரில் காட்டினார். நான் சாவியை அமுக்கிப் பிடித்தேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு குத்தினார். புகை வந்தது. நாற்றமும் வந்தது. நடுவிலிருந்த தேர்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுபடி காய்ச்சினார், மறுபடி குத்தினார். பாலுவுக்கு வியர்வை கொட்டியது. அவனுக்குத் தெரிந்த எல்லாக் கோர்வைகளும் தீர்ந்துபோய், முதலில் வாசித்ததையே திரும்ப வாசிக்கத் தொடங்கியிருந்தான். ஐந்தாவது குத்தில், "போயிட்ச்சு" என்றார் மாமா. வாயை வைத்து உறிஞ்சித் தூளைத் துப்பினார். சட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

பாலுவுக்குத் தலையசைத்தேன். அவன் உயிர் பிழைத்தவன்போல் ஒரு தீர்மானம் வைத்து முடித்தான். நான் விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். தைவதம், நிஷாதம். கட்டைவிரலை அமுக்கினேன்.

மேல் ஷட்ஜம் வந்தது. கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. ஊசி போட்ட துளை எவ்வளவு பெரிதாக இருக்கும்? ஆனால் வந்தது. மூச்சு தீருகிறவரை அதிலேயே நின்றேன்.

யார் முதலில் விசில் அடித்தது என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. அப்பாதான் என்கிறார்கள். அவர் இல்லை என்கிறார். ஒரு விசில், பிறகு நாலு, பிறகு கூடமே எழுந்து நின்று விசில். "ஜம்னா! ஜம்னா!" என்று கூச்சல். நான் எழுதிய அட்டையை யாரோ வாசலிலிருந்து கழற்றி வந்து, அதையே கொட்டு மாதிரி தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் வாசித்த கீர்த்தனைக்கும் துக்கடாவுக்கும் கிடைத்த வரவேற்பை எந்தச் சபாவும் எனக்குத் தந்ததில்லை. (எந்தச் சபாவும் என்னைக் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

முடிந்ததும் மூன்று தேர்வாளர்களும் மூலையில் நின்று பேசினார்கள். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். மீன் வெட்டிக் காய்த்துப்போன கை. மேடம் வந்தார்.

"கச்சேரி நிற்கக் கூடாது என்பது விதி. நிற்கவில்லை. அதனால் தேர்ச்சி" என்றார். "ஆனால் ராகத்துக்கு நடுவில் தனி ஆவர்த்தனத்தையும், மேடையில் கொண்டை ஊசியையும் எந்தத் தலைப்பில் மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்."

அம்மாவுக்கு 'தேர்ச்சி' மட்டும்தான் காதில் விழுந்தது. ஓவென்று அழுதாள். மரியாதையான தமிழில் நன்றி சொல்ல முயன்று, "ரொம்ப தாங்க்ஸ்மா, நல்லா இரு தாயி" என்று மேடத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மேடம் பின்வாங்கவில்லை. மாமா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீங்கள் விரிசலும் ஒட்டுவீர்களா? என் வீட்டு வீணைக் குடத்தில் ஒரு கீறல் இருக்கிறது."

அங்கேதான் என் விதி எழுதப்பட்டது.

மேடத்தின் வீணை மாமாவின் பட்டறைக்கு வந்தது. கீறல் போன இடம் தெரியவில்லை. மேடம் யாரிடமோ சொல்ல, அவர் யாரிடமோ சொல்ல, ராயபுரத்து பேண்டு செட்டுக்காரர்கள் நசுங்கிய டிரம்பெட்டோடு வந்தார்கள். தவில்காரர் வந்தார். தேவாலயத்தில் வாசிக்கிற ஒருவர் வயலினோடு வந்தார். இப்போது கரையில் குப்புறக் கிடக்கும் போட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான மேசை. அதன்மேல் வரிசையாக வாத்தியங்கள். தண்ணி டிரம் அப்படியே இருக்கிறது. அதில் இப்போது தண்ணீர் ஊற்றுவதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

சொன்ன ஜூன் மாதத்திலேயே அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னிடம் கிளாரினெட் படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேர். ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் எங்கே கொண்டு போவது? ஊர் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் மாமாவை விட்டால் ஆள் இல்லை. அதனால் மாதம் ஒரு தடவையாவது நானே போய் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறேன்.

போன வாரம்கூட ஒரு மாணவியின் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இன்னா கேசு? அடைக்கறதா, தொறக்கறதா?" என்றார். வருகிற எல்லோரையும் அப்படித்தான் கேட்பார். பிறகு வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கதையை ஆரம்பித்தார்.

"உங்க மிஸ்ஸு கீதே, இதான் என் மொத கேசு. பரிச்சை நடக்க சொல்லோ மேடைலயே வாத்தியம் மூச்சு வுடாம பூட்ச்சு. அது அழுதுகினு குந்தியிருக்கு. நான் போயி ஒரே குத்து. மேல்ஸ்தாயி பிச்சிகினு வந்துது. அன்னிக்கு நான் இல்லாங்காட்டி உங்க மிஸ்ஸு பெயிலு."

துளையை அடைத்தது யார் என்ற பகுதி கதையிலிருந்து காணாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

மாணவி என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவா மிஸ்?"

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கையில் பாதி கழற்றிய கிளாரினெட். நாளைக்கு அவளுக்குப் போட்டி. மாமா கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "மாமா மட்டும் இல்லைன்னா நான் பெயிலு."